வாக்மேனுக்கு ஒரு மிக்ஸ்

பாட்டு முடிந்த பிறகும் ஒரு மூச்சு மிச்சம் இருந்தது.

ராஜபாளையத்தில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒலிப்பதிவு அறையில் ஞானபாக்கியம் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள். எட்டு வருஷமாக ஊரார் பாட்டையெல்லாம் கேட்கிற இடத்துக்குத் தக்கபடி மிக்ஸ் செய்து கொடுத்தவள் அவள். குழாய் ஸ்பீக்கர் என்றால் கனத்த சத்தத்தை வெட்டுவாள். பஸ் என்றால் இஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலைத் தூக்குவாள். ஊரே கூடிச் சாப்பிடும் சர்ச் அசனப் பண்டிகைக்கு வரும் இந்தக் கேசட்டில்தான் முதன்முதலாக அவளே பாடியிருக்கிறாள். அதில் போய் இந்தக் கரகரத்த மூச்சு.

சர்ச் குழாயில் போட்டபோது மூச்சு தெருக்கோடியில் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போட்டபோது கடைசி சீட்டிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. வீட்டு டேப்பில் போட்டபோது அடுப்படிக்குள் கேட்டது. இடம் சிறுக்கச் சிறுக்கக் கிட்டே வருகிறது.

"ஒனக்கு எளப்பும்மா. மதுரையிலருந்து வேற பிள்ளையக் கூட்டியாந்து பாட வச்சிருவோம்," என்றார் கேசட்டை விற்கப்போகிற கடைக்கார ஐயாதுரை.

"என் மூச்சு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? இது என்னது இல்ல. என் பாட்ட எவளுக்கும் விட்டுத் தர மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள இதத் தொரத்திட்டுத் தாரேன், போயிட்டு வாங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். துபாயில் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள் கேட்ட வாக்மேன் மிக்ஸ் மட்டும் பாக்கி. காதுக்கும் பாட்டுக்கும் நடுவே இடமே இல்லாத மிக்ஸ் அது. பயமாகத்தான் இருந்தது, பயந்தால் பாட்டு போய்விடும்.

"வாலே, பாத்துருவோம்," என்று ஹெட்போனை மாட்டினாள்.

மத்தியான வெயிலில் தகரக் கூரை முறுகும் சத்தமும், தெருவில் போகிற லாரிகளின் உறுமலும் காது மெத்தைக்கு வெளியே அமுங்கிப்போக, சூடேறிய மெஷினின் வாடை மூக்கில் நிற்க, அவள் பாட்டு தலைக்குள் ஓடி முடிந்தது.

மூச்சு வந்தது.

இடது காதில் இல்லை. வலதிலும் இல்லை. நடுவில்.

சத்தத்தைக் குறைத்தாள். குறையவில்லை. மெஷினை நிறுத்தினாள். நிற்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

கேட்டது.

"நீ யாரா வேணா இரு. எது ஒன்னது, எது என்னதுன்னு இப்பத் தெரிஞ்சிரும்."

வாயைப் பொத்தினாள். மூக்கை இறுக்கிப் பிடித்தாள். மூச்சை அடக்கி எண்ணினாள். இருபது. அறுபது. இருநூறு.

முட்டவில்லை. வலிக்கவில்லை.

குனிந்து பார்த்தாள்.

அவள் நெஞ்சு நிதானமாக ஏறியது. இறங்கியது.