ஆளுக்கொரு யோசனை, நடுவில் ஒரு அடுப்பு

மிளகுக்கு அன்று காலையிலிருந்தே கோபம் மூக்குக்கு மேல் நின்றது. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் வீட்டில் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளும் அப்பாவும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கோபத்துக்குக் காரணம், அப்பாவின் மடியில் இருந்த ஸ்பிரிட் அடுப்பு.

ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை விற்கும் கடையில் அப்பா அதை வாங்கினார். உள்ளங்கை அளவு பித்தளைக் கிண்ணம். அதில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் விளிம்புத் துளைகளில் நெருப்பு பூப்போல வரும். கிண்ணத்தைச் சுற்றி ஒரு தகரக் கூடு. கூட்டின் அடியில் வரிசையாக ஓட்டைகள். மேலே பாத்திரம். அவ்வளவுதான்.

வாங்கிய அன்று ஜோராக எரிந்தது. ஆனால் அப்பா தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். அவர் கை சும்மா இருக்காது. பாத்திரத்துக்கு மரக் கைப்பிடி போட்டார். கூட்டுக்குக் கால் வைத்தார். ஒரு கால் நொண்டியது. அந்தக் காலுக்கு ஒரு கால் வைத்தார். கடைசியில், காற்று புகுந்துவிடும் என்று அடியிலிருந்த ஓட்டைகளை எல்லாம் தகடு வைத்துத் திருகாணி போட்டு மூடிவிட்டார்.

"வீட்லயே ஒரு தடவை பத்த வெச்சுப் பாத்திருக்கலாம்லப்பா?"

"நல்லா இருக்கறத எதுக்கும்மா சோதிக்கணும்?"

"நல்லா இருந்தத எதுக்குப்பா மாத்துனீங்க?"

அப்பா ஜன்னல் வழியாக மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

பாதி மலை ஏறியதும் பேருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து, அறுந்த பெல்ட்டை செத்த பாம்புபோலத் தூக்கிக் காட்டினார். "டிப்போலேர்ந்து வேற வரணும். அதுவரைக்கும் எல்லாரும் காத்து வாங்குங்க."

காற்றுக்கு அங்கே பஞ்சமே இல்லை. சாலையோர சிமெண்ட் மேடையில் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

குழந்தையின் அம்மா பால் புட்டியை நீட்டினார். குழந்தை தட்டிவிட்டது. மறுபடி நீட்டினார். மறுபடி தட்டிவிட்டது. அழுகை மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"பால் ஜில்லுனு ஆயிடுச்சு. பிளாஸ்க்லயும் வெந்நீர் தீந்துபோச்சு," என்றார் அவர். அவருக்கே அழுகை வரும்போலிருந்தது.

"என்கிட்ட அடுப்பு இருக்கும்மா," என்று அப்பா முன்னால் வந்தார்.

மிளகு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்பா ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தார். தண்ணீர்ப் பாத்திரத்தை மேலே வைத்தார். தீ பொசுக்கென்று அணைந்தது. எடுத்துவிட்டுப் பற்றவைத்தார், எரிந்தது. பாத்திரத்தை வைத்தார், அணைந்தது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் என்றால் யோசனைக்கா பஞ்சம்?

"பாத்திரம் கோணலா இருக்கு பாருங்க," என்றார் தொப்பிக்காரர்.

"கீழ குனிஞ்சு ஊதுங்க," என்றார் குடை வைத்திருந்த அம்மா.

"ஸ்பிரிட் பத்தல சார். அப்படியே இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று நெட்டையான ஒரு அண்ணன் ஸ்பிரிட் புட்டியை எடுக்கப் போனான்.

மிளகு அதைச் சட்டென்று எடுத்து மூடினாள். "பகல்ல இந்தத் தீ சரியா கண்ணுக்குத் தெரியாதுண்ணா. அணைஞ்சிடுச்சுன்னு நெனச்சு ஊத்தினா கை வெந்துடும். நல்லா ஆறினப்புறம்தான் ஊத்தணும்."

சொல்லிவிட்டு அடுப்பையே பார்த்தாள். பாத்திரம் இல்லாதபோது தீ காற்றில் சாய்கிறது, ஆனாலும் எரிகிறது. அப்படியானால் அணைப்பது காற்று இல்லை. மேலே பாத்திரம் மூடுகிறது, கீழே தகடு மூடுகிறது. வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினால் யாரால்தான் உயிரோடு இருக்க முடியும்?

'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. மிளகு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அடுப்புக்கு மூச்சு முட்டுது. தகட்ட மட்டும் கழட்டிடலாமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

அப்பா தகட்டைத் தடவிப் பார்த்தார். "அப்புறம் காத்துக்கு என்னம்மா பண்றது?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க கழட்டுங்க."

கூடு ஆறியதும் அப்பா திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். மிளகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"யோசனை சொன்னவங்கல்லாம் இப்படி வாங்க. காத்து வர்ற பக்கம் வரிசையா நில்லுங்க. அடுப்புலேர்ந்து ரெண்டு எட்டு தள்ளி. நெட்டை அண்ணா நடுவுல."

"நாங்க என்ன சுவரா பாப்பா?" என்றார் தொப்பிக்காரர்.

"ஆமா."

"பேசலாமா, கூடாதா?"

"பேசலாம். நகரக் கூடாது."

மனிதச் சுவர் எழுந்தது. அப்பா பற்றவைத்துப் பாத்திரத்தை வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தீ அணையவில்லை. திறந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு, பூனைபோல உறுமியபடி எரிந்தது. மிளகு பாத்திரத்தைத் தட்டால் மூடினாள். சீக்கிரமே தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது.

அப்பா பாத்திரத்தை இறக்கிப் பால் புட்டியை அதில் நிற்க வைத்தார். குழந்தையின் அம்மா ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார். அழுகை நின்றது. எல்லோரும் சப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

"நகரலாமா?" என்று நெட்டை அண்ணன் கிசுகிசுத்தான்.

யாரும் நகரவில்லை. யாரோ தேயிலை எடுத்துத் தந்தார்கள், யாரோ சர்க்கரை. ஒவ்வொரு பையிலிருந்தும் குவளைகள் வெளியே வந்தன. அடுப்பு ஆறியதும் அப்பா மறுபடி ஸ்பிரிட் ஊற்றினார்.

"தகடு போட்டது என் தப்புதான், இல்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மிளகு பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "கைப்பிடி நல்லா இருக்குப்பா. கொஞ்சம்கூடச் சுடல."

அப்பாவின் காது இன்னொரு முறை சிவந்தது. இந்த முறை வேறு மாதிரி.

ஒருவழியாகப் புது பெல்ட் வந்து சேர்ந்தது. ஓட்டுநர் அதை மாட்டிவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க," என்று கூவினார். ஒருவரும் ஏறவில்லை. ஹாரன் அடித்தார். குழந்தையின் அம்மா உதட்டில் விரலை வைத்து, "தூங்குது," என்று சைகை காட்டினார். ஓட்டுநர் கோபமாக இறங்கி வந்தார்.

"உங்களுக்கெல்லாம் ஊர் போய்ச் சேர வேணாமா? நான் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு..."

அதற்குள் டீயின் வாசம் அவர் மூக்கைத் தொட்டுவிட்டது. பேச்சை நிறுத்தினார். கரிக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்சம் சர்க்கரை தூக்கலா போடு பாப்பா," என்று சொல்லி, சுவரோடு சுவராகப் போய் நின்றுகொண்டார்.