அதே இலை, வேறு பச்சை

ரோவேனா வரப்பிலேயே நின்றுவிட்டாள். மதியச் சோற்றுக்குப் பள்ளியிலிருந்து ஓடி வந்தவள், அப்பா வயலில் இறங்கி யூரியா வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒரு மூலை முழுக்க வீசி முடித்தாயிற்று. உரம் வேண்டாம் என்று காலையில்தானே சொல்லிவிட்டுப் போனாள்?

பயிரைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பிலிப்பைன்ஸின் கபனத்துவான் நகர விவசாய அலுவலகத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பட்டையில் நாலு விதப் பச்சை இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிர்பச்சை என்றால் பயிருக்குப் பசி. கரும்பச்சை என்றால் வயிறு நிறைந்திருக்கிறது.

போன வருடம் அப்பா கணக்கில்லாமல் யூரியா போட்டார். பயிர் தளதளவென்று வளர்ந்து, ஒரே காற்றில் படுத்துவிட்டது. விழுந்த நெல்லைத் தின்று பக்கத்து வீட்டு வாத்துகள்தான் கொழுத்தன. அதனால் இந்த முறை, பச்சைப்பயறு பறித்த செடிகளை மண்ணோடு உழுதுவிட்டு, அந்தச் சத்தை நம்பி நெல் நட்டிருந்தார்கள்.

“காலையில கரும்பச்சையா இருந்துச்சேப்பா,” என்றாள்.

“எங்க இருந்துச்சு? நீயே பாரு.”

அப்பாவுக்குக் கிட்டத்தில் கண் தெரியாது. கையை நீட்டிப் பட்டையை எட்டப் பிடித்து, இலையை அதன்மேல் வைத்தார். இலை வெளிறித்தான் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு வயலே பசியில் வாடுமா?

நீ பார்த்தே இருக்க மாட்டாய், தோழிகளோடு அரட்டை அடித்திருப்பாய் என்றார் அப்பா. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிட்டாரே.

அப்பா மறுபடி வாளிக்குள் கைவிட்டார். அவள் சேற்றில் இறங்கி, பட்டையை எடுத்து, அதே இலையைக் குனிந்து பார்த்தாள். கண்ணெதிரே இலை கறுத்துவிட்டது. விலகினாள், வெளிறியது. குனிந்தாள், கறுத்தது. எல்லாம் அவளுடைய நிழல் செய்த வேலை.

“வெயில்ல இலை பளபளக்குதுப்பா. அதான் வெளிறின மாதிரி தெரியுது. நிழல்ல வச்சுப் பாருங்க.”

அப்பா தொப்பியைக் கழற்றி இலைக்கு மேலே பிடித்தார். எடுத்தார். மறுபடி பிடித்தார். இப்போது அவர் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

“உன்னைப் போய்த் திட்டிட்டேனேம்மா,” என்றவர், வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் புயல் காற்று அடித்தது. விடிந்ததும் இருவரும் பயந்துகொண்டே வயலுக்கு ஓடினார்கள். நெல் நிமிர்ந்து நின்றது. அப்பா யூரியா வீசிய மூலை மட்டும் சேற்றில் படுத்துக் கிடந்தது.

அந்த மூலையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ரோவேனாவுக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.