ஒரு நாள்கூடக் கிடையாது

அப்பாவின் விரல்கள் போர்வையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் சாயங்காலம். இடுப்பெலும்புத் தையல் நன்றாக ஆறுகிறது என்று காலையில்கூட டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அப்பா ஜெயகரனின் வலது கை ஓயவில்லை. பேரணாம்பட்டு டேனரியில் முப்பது வருஷம், ஊறின தோலிலிருந்து சதையை வழித்தெடுத்த கை அது; இப்போது இல்லாத கத்தியைப் பிடித்துக்கொண்டு போர்வையை மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை வந்தது. ஆம்பூர்க்காரிக்கு அதெல்லாம் ஒரு வாடையா? மகள் ஜெனிஃபாவை உறுத்தியது வேறொன்று. அறைக்குள் பிராந்தி வாசனை அடித்தது.

"அப்பா, இன்னா பண்றீங்க?"

"வாசல்ல யாரோ நிக்கிறாங்க. உள்ள வரச் சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் பச்சைத் திரை மட்டும் தொங்கியது. மின்விசிறியே ஓடாத அறையில் அது லேசாக ஆடியது.

பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டாரே, "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று! ஜெபம் பண்ண வந்த போதகர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கர்த்தர் என்னைக் குடியிலிருந்து விடுவித்தார் என்று ஒவ்வொரு புதுவருஷ ஆராதனையிலும் சாட்சி சொல்கிறவர் அப்பா. சபையே அல்லேலூயா போடும். வீட்டிலோ குடும்ப ஜெபம் முடிந்ததும் எவர்சில்வர் டம்ளரில் பிராந்தி ஊற்றிக் கொடுப்பவள் ஜெனிஃபா. பத்து வருஷமாக, ஒரு ராத்திரி தவறாமல். சபைப் பள்ளிக்கூடத்து டீச்சர் இதை எந்த முகத்தோடு சொல்வாள்? நீலச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாய், "ஒரு நாள்கூட கிடையாது, டாக்டர்" என்றாள்.

சிஸ்டர் ஜோதி பிரஷர் பார்க்க வந்தாள். சுரண்டுகிற கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சர், மறைக்காதீங்க. தெனம் குடிக்கிறவங்களுக்கு சட்டுனு நின்னா மூள கலங்கிடும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாம். இப்ப சொன்னாகூட மருந்து இருக்குது. லேட்டானா மனுஷன் நமக்குத் திரும்பக் கிடைக்கமாட்டாரு."

ஜெனிஃபா நிமிர்ந்தாள். மானம் போனால் போகட்டும், அப்பா வேண்டும். வாயைத் திறந்தாள்.

"ஒரு நாள்கூட கிடையாது, சிஸ்டர்."

ஜோதி பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். ஜெனிஃபா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். நானா சொன்னேன்? உதடு அசைந்ததா?

கரண்ட் போயிற்று. வராந்தாவில் எமர்ஜென்சி லைட்டைப் போட்டார்கள். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் நிழல் விழுந்தது. பிராந்தி நெடி மூக்கில் ஏறியது. சரக், சரக் என்று போர்வை. திரை மூடிய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா.

டாக்டர் வந்தார். அப்பாவின் கண்களில் டார்ச் அடித்தார்.

"நெஜத்த சொல்லும்மா. குடிப்பாரா?"

குடிப்பாரு. அந்த ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒரு நாள்கூட கிடையாது, டாக்டர்."

அவள் குரல். அதே சிரிப்பு. முதுகுக்குப் பின்னாலிருந்து.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். நாக்கைக் கடித்தாள். ரத்தம் கரித்தது.

"சத்தியமா, டாக்டர்" என்றது குரல்.

டாக்டர் ஜெனிஃபாவைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, வாசலைப் பார்த்துத் தலையாட்டினார். சீட்டில் எழுதிக்கொண்டார். போய்விட்டார்.

அப்பாவின் கை நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"வாம்மா ஜெனி, வந்து உக்காரு" என்றார், திரையைப் பார்த்து. பிறகு ஜெனிஃபாவைச் சுட்டிக்காட்டினார். "இவ யாருன்னே தெரியல. மூணு நாளா இங்கியே நிக்கிறா. வாயத் தெறக்கவே மாட்டேங்குறா."

திரை விலகியது.

நீலச் சேலை. கையில் எவர்சில்வர் டம்ளர். தளும்பத் தளும்ப.