எல்லா போர்டும் சிவப்பு

விஜயதசமி அன்றைக்கு வஜிஹாவின் பள்ளிக்கூடத்துக்கு லீவு. எல்லையோர ஊரான மூக்கண்டப்பள்ளியில் அவள் அம்மா வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக் போர்டு கம்பெனிக்கு லீவு இல்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள், நல்ல நேரம் பார்த்து மெஷின்களை மறுபடி ஓட்டுவது அங்கே வழக்கம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் வஜிஹா அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனாள். சூப்பர்வைசர் கங்கப்பன் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

"விஜயதசமி அதுவுமா எல்லாம் சிவப்பு! ஒண்ணாவது பச்சை காட்டுதா? தேவுடா, லாரிக்காரன் வேற வந்து நிக்கிறான்!"

கங்கப்பன் கெட்ட மனுஷர் இல்லை. கோபம் வந்தால் மட்டும் அவருக்கு வாயும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனியில் செய்த போர்டுகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறவை. ஒவ்வொரு போர்டிலும் கறுப்பு கறுப்பாகச் சிப்புகள் இருக்கும். பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நிற்கிற மாதிரி அவை ஒன்றோடொன்று கோத்திருக்கும். டெஸ்ட் மெஷினிலிருந்து வரும் ஒயரைப் போர்டின் ஓரத்தில் இருக்கும் பின்களில் செருகினால், முதல் சிப்புக்கு ஒரு செய்தி போகும். அது அடுத்த சிப்புக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததுக்கு. செய்தி மாறாமல் திரும்பி வந்தால் திரையில் பச்சை. நடுவில் யாராவது கையை விட்டிருந்தால் சிவப்பு. விட்டது யார் என்றும் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை வந்த பிறகு, அதே ஒயர் வழியாகத்தான் சிப்பு செய்ய வேண்டிய வேலையை அதற்குள் எழுதி வைப்பார்கள்.

இது நடந்தது 1996-இல். மெஷின் அந்தக் கம்பெனிக்குப் புதிது. அது சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

"சார், செய்தி முதல் சிப்புக்கே போய்ச் சேரலை," என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ருக்மணி.

"அப்ப ஒயர் செருகுற பின்லதான் கோளாறு. அதைச் சால்டர் பண்றது யாரு? தாஹிராம்மா!"

ஈயத்தை உருக்கிப் பின்களை ஒட்டுவது வஜிஹாவின் அம்மா தாஹிராவின் வேலை. அவள் தன் மேஜையிலிருந்து எழுந்தாள்.

"நான்தான் சார் பண்ணேன். நல்லாத்தான் பண்ணேன்."

"நல்லா பண்ணா ஏன் சிவப்பு வருது? நாளையிலேருந்து நீங்க பேக்கிங்குக்குப் போங்க. இந்த மேஜைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

தாஹிராவுக்கு அந்த மேஜை என்றால் உயிர். அவள் ஒட்டிய பின் ஆடவே ஆடாது. தெருவில் யார் வீட்டு ரேடியோ மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். இப்போது அத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றாள். வஜிஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு ஒரு கேள்வியும் வந்தது.

"ருக்மணியக்கா, எல்லா போர்டுமா சிவப்பு?"

"எல்லாமேதான் கண்ணு."

"எங்கம்மா ஒரு போர்டுல தப்பு பண்ணலாம். எல்லாத்துலயும் எப்படிப் பண்ணுவாங்க?"

"நியாயம்தான். ஆனா மெஷின் அப்படித்தானே சொல்லுது?"

"மெஷினுக்கே உடம்பு சரியில்லைன்னா? முன்னாடி பச்சை வந்த போர்டு ஏதாவது இருந்தா, அதைச் செருகிப் பாருங்களேன்."

வெளியாட்கள் வந்தால் காட்டுவதற்காக ஒரு நல்ல போர்டைக் கண்ணாடி பீரோவில் வைத்திருந்தார்கள். கங்கப்பன் வாசலில் லாரிக்காரரிடம் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ருக்மணி பீரோவைத் திறந்து அந்தப் போர்டை எடுத்தாள். ஒயரைச் செருகினாள்.

சிவப்பு.

"அய்யய்யோ! அப்ப போர்டுல கோளாறு ஒண்ணுமே இல்லை!"

ஒயரைப் பிடுங்கி, அதன் நுனியில் இருந்த கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்துக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தாள்.

"சந்தனம்!"

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனியில் பொட்டு இல்லாத பொருளே கிடையாது. ஸ்டூலுக்குப் பொட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பொட்டு, துடைப்பத்துக்கும் பொட்டு. அதனால் ஒயரில் இருந்த பொட்டு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

வஜிஹாவுக்கு அந்தப் பொட்டு ஞாபகம் வந்தது. பூஜையன்று அம்மாவோடு வந்து சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்தது அவள்தான். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போன கங்கப்பனிடம், "சார், பாவம், இந்த ஒயருக்கு மட்டும் வைக்கலையே" என்று சொன்னதும் அவள்தான். "அட, ஆமாம்மா!" என்று அவர் தாராளமாக அப்பிவிட்டார்.

"யாரு பாத்த வேலை இது?" என்று ருக்மணி கேட்டாள். மேஜைகளில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். கங்கப்பனும் உள்ளே வந்துவிட்டார். கனெக்டரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

வஜிஹா அவரைப் பார்த்தாள். அம்மாவைத் திட்டிய ஆள். ஒரு விரலை நீட்டினால் போதும், ஹாலே சிரித்திருக்கும். நீட்டலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அம்மா தலை குனிந்து நின்றதைப் பார்த்தபோது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது! அந்தத் தலைகுனிவு இவருக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

"இந்த ஒயருக்கும் பொட்டு வைக்கணும்னு நான்தான் அக்கா கேட்டேன்," என்றாள்.

"கேட்டது நீ. வச்சது யாரு?"

வஜிஹா சாப்பாட்டுப் பையை அம்மாவின் மேஜையில் வைக்கப் போனாள். கங்கப்பன் தொண்டையைச் செருமினார்.

"குழந்தையை விடும்மா. வச்சது நான்தான்."

ருக்மணி ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து, ஓட்டைகளைச் சுத்தமாகத் தேய்த்தாள். ஈரம் காய்ந்ததும், தாஹிரா சால்டர் செய்த போர்டு ஒன்றை எடுத்துச் செருகினாள். பச்சை. அடுத்ததைச் செருகினாள். அதுவும் பச்சை.

கங்கப்பன் தாஹிராவின் மேஜைக்குப் போனார். எந்தச் சத்தத்தில் திட்டினாரோ அதே சத்தத்தில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தாஹிராம்மா வேலையில ஒரு குறையும் இல்லை! தப்பு என்னோடது! இது அவங்க மேஜை, வேற யாரும் இங்க உக்காரக் கூடாது!"

தாஹிரா அதற்குள் உட்கார்ந்து அடுத்த போர்டைக் கையில் எடுத்துவிட்டாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"சரிங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

கங்கப்பன் தள்ளி நின்றார்.