இறங்க மறுத்த ‘சி’

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அத்தானின் அறை மட்டும் ஜன்னல் சாத்திக் கிடந்தது. அவர் இறந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. உள்ளே சூடேறிய ஒயரின் வாசனையும், அவர் நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்தின் வாசனையும் அப்படியே இருந்தன.

“சாயந்தரம் ஆபீஸ் ஆள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிடுவாராம்டா. உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிடுவாங்களாம். பாப்பாவுக்கு அவர் பேசி வச்ச கதையெல்லாம் அதுலதான் இருக்கு. அவர் குரல்னு வேற எதுவுமே இல்ல.”

“இதெல்லாம் ஒரு வேலையாக்கா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுறேன்.”

வாய்க்கொழுப்பு. அத்தான் மவுஸைத் தொடாத மனிதர். ஃபைல்களைத் திறக்க, நகலெடுக்க, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக ஓடும் ஒரு ஃபைல் மேனேஜரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஷார்ட்கட் போட்டு வைத்திருந்தார். எதை அமுக்கினால் எது நடக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கீழே போகச் சொன்னால் மேலே போனது. திறக்கச் சொன்னால் மூடிக்கொண்டது.

பொறுமை போய், நானே ஒரு ஷார்ட்கட் போட்டேன். செட்டிங்ஸ் ஃபைலின் கடைசியில் ஒரு வரி. கீபோர்டில் ‘சி’யை அமுக்கினால் கதை ஃபோல்டரும் என் பென் டிரைவும் அச்சு அசலாக ஒன்றுபோல ஆகிவிட வேண்டும். சேமித்தேன், அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரே பட்டனுக்கு இரண்டு வரி இருந்தால், பின்னால் வருவதுதான் செல்லும். ஃபைலைத் திறந்தால் என் வரிக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ‘சி’க்கு எந்த வேலையும் இல்லை என்றது அது.

நான் எழுதவில்லை.

அழித்தேன். மறுபடி வந்தது. ஆபீஸ்காரன் எவனோ தூரத்திலிருந்து விளையாடுகிறான் என்று நெட் ஒயரைப் பிடுங்கினேன். என் கண்முன்னே, எழுத்து எழுத்தாக, நிதானமாக அந்த வரி மறுபடி வந்து உட்கார்ந்தது.

பயந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் தலைக்கேறியது.

“முடிஞ்சுதாடா? ஆபீஸ் ஆள் கீழ வந்துட்டாராம்!” அக்கா கூடத்திலிருந்து கத்தினாள்.

“ஆகுதுக்கா! தொணதொணக்காத!”

அந்த வரியை அழித்த கையோடு, வேறு யாரும் எழுத முடியாதபடி ஃபைலைப் பூட்டினேன். இப்போது பார்க்கலாம் என்று ‘சி’யில் விரலை வைத்தேன்.

‘சி’ இறங்கவில்லை.

மற்ற பட்டன்கள் எல்லாம் இறங்கின. இதை மட்டும் அடியிலிருந்து ஒரு விரல் தாங்கிப் பிடித்திருந்தது. பட்டன் ஜில்லென்று இருந்தது. தைல வாசனை என் கழுத்துப் பக்கம் நகர்ந்து வந்தது.

“வேணாம்...”

காதோரம், வெறும் மூச்சாக. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

“உங்க பொண்ணுக்குத்தான் எடுக்கறேன் அத்தான். விடுங்க!”

இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன்.

இறங்கியது.

திரையில் கதைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்போதுதான் நான் எழுதிய வரியை நானே ஒழுங்காகப் படித்தேன். எங்கிருந்து எடுப்பது, எங்கே போடுவது என்ற இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். காலியான பென் டிரைவைப் பார்த்து, கதை ஃபோல்டரும் அதே மாதிரி காலியாகிவிட்டது. அவ்வளவு நேரம் அவர் போராடிக் காப்பாற்றியதை நான் பலவந்தமாக அழித்திருக்கிறேன்.

மீட்க வழி தேடுவதற்குள் ஆபீஸ் ஆள் வந்து மெஷினைக் கழற்றிவிட்டார். ஹெட்போன் மட்டும் ஆபீஸுடையது இல்லை என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

“எடுத்துட்டதானேடா?”

“டிஸ்க் ஏற்கெனவே பழுதாயிருந்துச்சுக்கா. நான் திறக்கும்போதே உள்ள ஒண்ணும் இல்ல.”

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதாள். பாப்பா அழவில்லை. அந்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒயரின் முனை எதிலும் சொருகாமல் அவள் காலடியில் கிடந்தது. தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, மாமா பொய் சொல்றாராம்.”

“யாருடி சொன்னா?”

பாப்பா உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்... கதை இன்னும் முடியல.”