ஆறாவது பெயர்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு லாரியை அருங்காட்சியகத்தின் பின்வாசலில் நிறுத்தினோம், நானும் ட்ரெவும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ட்ரெவ் என் சித்தி மகன். பெட்டி இறக்குவதும் கண்ணாடிப் பேழைக்குள் பொருள்களை நிறுத்துவதும் அவன் வேலை. மூன்றாம் மாடியில் அமையும் புதுக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான எங்கள் மண்ணை வெள்ளைக்காரர்கள் பிடிக்க நடத்திய சண்டைகளைப் பற்றி எங்கள் ஆட்களே அமைக்கும் கூடம். அந்தக் கட்டடத்தில் எங்களில் ஒருத்தியை நம்பிச் சாவி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

செத்துப்போனவர்களின் பொருள் இருக்கும் இடத்துக்குள் நாங்கள் சும்மா நுழைய மாட்டோம். வாசலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் இன்னார், இன்ன தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவள், இன்ன மண்ணிலிருந்து வருகிறேன். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ட்ரெவ் சொன்னான். நானும் சொன்னேன். அம்மா, அம்மாவின் அம்மா, அவர்களுடைய ஆற்றின் பெயர், அதோடு சரி.

"அப்பா பக்கத்தை விட்டுட்டியேக்கா," என்றான் ட்ரெவ்.

"பெட்டி கனக்குது. நட."

"அப்பன் இல்லாமலே பொறந்தியா? பைபிள்லகூட ஒருத்தர்தான் அப்படி."

சிரித்து மழுப்பினேன். லிஃப்ட் கதவு மூடும்போது பின்னாலிருந்து குதிரை வியர்வை நாற்றம் அடித்தது. பெட்டியில் பழைய சேணம் இருந்தது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எதை மறைத்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் குவீன்ஸ்லாந்தில் ஒரு போலீஸ் படை இருந்தது. அதிகாரி வெள்ளைக்காரன். துப்பாக்கி தூக்கிப் பின்னால் போனவர்கள் எங்கள் நிறத்து ஆட்கள். தெற்கே எங்கிருந்தோ பிடித்துவரப்பட்டவர்கள். கெட்டில் ஓடைக்கரையில் விடிகாலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முகாமை அப்படிப்பட்ட ஆறு பேர் சுட்டார்கள். அதிகாரியின் நாட்குறிப்பு எங்களிடம் இருக்கிறது. 'கலைத்தோம்' என்று ஒரே ஒரு வார்த்தை, சுட்டுக் கொன்றதற்கு அவர்கள் எழுதும் வார்த்தை. அதற்குக் கீழே ஆறு பெயர்கள், எல்லாம் அவன் வைத்த பெயர்கள்தான். ஆறாவது பெயர் ஹெக்டர்.

என் அப்பா பெர்சி ஹெக்டர். கெட்டில் ஓடையில் சுட்டவர் தன் தாத்தா என்று அவர் சாகக் கிடந்தபோது ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணத்தில் என் குடும்பப் பெயர் மாறியது வசதியாகப் போயிற்று.

பேழையில் நாட்குறிப்பின் எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். அந்த ஆறு பெயர்கள் இருக்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து வைத்தேன். மழை, மாவு மூட்டை, லாடம் கழன்ற குதிரை. சுவரில் 'காவலர்கள் ஆறு பேர்' என்று மட்டும் எழுதச் செய்தேன். ஓடையில் தப்பியவர்களின் வழிவந்த குடும்பங்கள் ஏனென்று கேட்டார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நம் வழக்கத்தை மதிக்கத்தான் என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் வழக்கத்தையே எடுத்து என் முகத்தை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

செவ்வாய் காலை ட்ரெவ் கூப்பிட்டான். "அக்கா, பக்கத்தை மாத்திட்டியா?"

பழைய தாளும் துணியும் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அந்தக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே பட்டப்பகலாக இருந்தாலும் உள்ளே அந்தி மாதிரிதான். பேழைக்குள் நாட்குறிப்பு அடுத்த பக்கத்தில் திறந்து கிடந்தது. தாளைப் பிடித்திருந்த மெல்லிய பட்டைகள் அறுபடவில்லை. பக்கம் அவற்றுக்கு அடியிலேயே புரண்டிருந்தது. பேழையின் சாவி என் கழுத்தில் தொங்கியது.

"ஏசி காத்தா இருக்கும்," என்றேன்.

"பூட்டின கண்ணாடிக்குள்ளயா?" ட்ரெவ் சிரிக்கவில்லை.

திறந்து பக்கத்தைத் திருப்பி வைத்தேன். தாள் ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தேன்.

வெடிமருந்து.

புதன்கிழமை மதியம் ட்ரெவ் சாப்பிடப் போயிருந்தான். நான் தனியாக விளக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டா துளைத்த கேடயம் ஒன்று மூலையில் இருந்தது. அதன் பக்கமிருந்து மூச்சு கேட்டது. ஒருவருடைய மூச்சு இல்லை. நிறையப் பேர் படுத்துத் தூங்கும் இடத்தில் கேட்குமே, அது. நடுவே ஒரு குழந்தை இருமியது.

அம்மாவின் பெயரைச் சொன்னேன். மூச்சு நின்றது. அம்மாவின் அம்மா பெயரைச் சொன்னேன்.

காத்திருந்தார்கள்.

மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

என்னால் முடியவில்லை. வெளியே ஓடினேன்.

நடைபாதையில் தோல் மெத்தை போட்ட நீளப் பெஞ்ச் ஒன்று உண்டு. அதில் ஒருவர் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்தப் போலீஸ் படையின் சிவப்புக் கரை வைத்த நீலச் சட்டை, வெறும் கால். கைகள் முழங்காலில் இருந்தன. நெருங்கும்போதுதான் பிடரியைப் பார்த்தேன். மெலிந்த பிடரி. பதினாறு பதினேழு வயதுக்கு மேல் இருக்காது.

அவர் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று எங்கள் ஆட்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேற்று முகாமுக்கு வருகிறவன் நேரே உள்ளே போக மாட்டான். தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவான். உள்ளே இருக்கும் சொந்தக்காரர் யாராவது வந்து, இவன் எங்கள் ஆள் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் ஆனாலும் இரண்டு நாள் ஆனாலும் உட்கார்ந்திருப்பான்.

இந்தக் கூடத்தில் அவருக்குச் சொந்தம் நான் ஒருத்திதான்.

தெரியாத ஆளைப்போலத் தாண்டிப் போனேன். குதிரை வியர்வையும் நனைந்த கம்பளியும் நாறின. நான் அவருக்கு நேரே வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"பெர்சியோட மகளா?"

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினேன். கீழே கஃபேயில் வெயிலும் கூட்டமுமாக இருந்தது. வெயில் விழுந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

வியாழன் காலை பதினோரு மணிக்குக் குடும்பங்கள் வந்தன. சனிக்கிழமை திறப்பு, அதற்கு முன் அவர்கள் மட்டும் பார்க்கும் நாள். பதினான்கு பேர், முன்னால் மெர்ல் ஆன்ட்டி. ஓடையில் ஒரு பெண் குழந்தை நாணலுக்குள் மூழ்கிக் கிடந்து தப்பியது. அவளுடைய பேத்தி இவர். பெரிய உடம்பு, இடுப்பு வலி, யாரையும் விடாத வாய். இந்த வேலைக்கு என் பெயரைச் சொல்லி அடம்பிடித்து வாங்கித் தந்தவரும் இவர்தான்.

"என்னடி லோர்னா, மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? வெள்ளக்காரிகளோட வேல பாத்து ஒட்டிக்கிச்சா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தார்.

நாட்குறிப்பு முன்னால் நின்றார். பக்கம் மறுபடியும் புரண்டிருந்தது.

"இது என்ன, பேரு மாதிரி வரிசையா இருக்கு? இந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குப் படிக்க வரல. நீ படிம்மா."

"ஆன்ட்டி, இறந்தவங்க பேரு..."

"செத்தது எங்காளுங்க. அவங்க பேரு இதுல இருக்காது. இது சுட்டவனுங்க பேரு. படி."

படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து.

நிறுத்தினேன்.

"அவ்வளவுதான்," என்றேன்.

கூடத்தில் விளக்குகள் மங்கின. கேடயத்தின் பக்கமிருந்து அந்த மூச்சு எழுந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. ட்ரெவ் என் முழங்கையைப் பிடித்தான். மூச்சு ஒவ்வொன்றாக நின்றது, யாரோ ஒவ்வொரு ஆளாகப் போய் நிறுத்துவதைப் போல. கடைசியாகக் குழந்தை இருமியது.

அதுவும் நின்றது.

"யாரோ பொய் சொல்லியிருக்காங்க," என்றார் மெர்ல் ஆன்ட்டி. குரலில் கிண்டல் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"ஆறாவது பேரு ஹெக்டர்," என்றேன். "என் கொள்ளுத்தாத்தா. எங்கப்பாவோட தாத்தா. எனக்கு மொதல்லயே தெரியும் ஆன்ட்டி."

என் கையைப் பிடித்திருந்த அவர் கை விரல் விரலாக விலகியது.

"மூணு வருஷம் எங்க வீட்டுல டீ குடிச்ச."

"ஆமா."

"எங்க பாட்டி நாணலுக்குள்ள கெடந்த கதைய நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்ட. அழுத. நான் கண்ணத் தொடச்சி விட்டேன்."

"ஆமா ஆன்ட்டி."

"அவன் செஞ்சத அவங்கிட்ட கேட்டுக்குவோம். அவனயும் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தானுங்க. நீ ஏன்டி அஞ்சோட நிறுத்துன? ஒன்ன யாரு புடிச்சா?"



அவர்கள் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆறாவது பெயரையும், அது எனக்கு யார் என்பதையும் சுவரில் எழுதச் சொன்னார்கள். ட்ரெவ் அந்த எழுத்துகளை ஒட்டினான். சனிக்கிழமை திறப்பின்போது நான் வெளியே இருக்க வேண்டும், குடும்பங்கள் கூப்பிட்டால் உள்ளே வரலாம் என்றார்கள்.

எனவே சனிக்கிழமை, நான் மூன்று வருடம் உழைத்த கூடத்தை அவர்கள் திறந்தபோது, நடைபாதைப் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கெட்டதை விலக்க வாசலில் இலைபோட்டு மூட்டிய புகை நடைபாதைவரை வந்தது. அமைச்சர் பேசினார், கை தட்டினார்கள். கோட்டும் தொப்பியுமாகப் போனவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துப் போனார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. புகையின் வாசனைக்குள் நனைந்த கம்பளி வாசனையும் கலந்தது. இடது பக்கம் நான் திரும்பவே இல்லை.

பிறகு கைத்தடிச் சத்தம். மெர்ல் ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். அவர் பார்வை என்மீதும், என் பக்கத்திலும், மறுபடி என்மீதும் போவது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

"நீ உள்ள வா லோர்னா," என்றார். "அவன் இன்னும் கொஞ்ச நாள் உக்காந்திருக்கட்டும்."

எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தோல் மெத்தை மெல்ல மேலே உப்பியது. பக்கத்து இடம் அமுங்கியே கிடந்தது.