முதல் பாண் விற்பதில்லை

"அந்தப் பாண் விக்கிறேல்லை அண்ணை. அது வீட்டாக்களுக்கு."

நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்துப் பேக்கரியில், மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவனிடம் நிவேதனா முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னாள். அவன் பெயர் லியோன். பருத்தித்துறையில் படகு எஞ்சின் திருத்திவிட்டு, கொழும்புத்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடி அலுமாரியில் மிச்சமிருந்த அந்த ஒரே பாணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவில்லை. சரியான திமிர் பிடித்தவன்... பிறகுதான் நிமிர்ந்தான். ஐயோ, அந்தக் கண்கள்... நனைந்தது அவன், நடுங்கியது இவள்.

பாணின் மேல் கத்தியால் கீறியிருந்த சிலுவையை அவன் காட்டினான். "எங்கடை அப்பப்பாவும் பேக்கரிதான் வைச்சிருந்தவர். பாண் சுடுற போறணைக்குள்ளை போற முதல் பாணுக்கு உப்பிடித்தான் கீறுவாராம்."

நிவேதனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண் வெடிக்காமல் இருக்கத்தான் அப்பா கீறுகிறார் என்றாள். அப்படியென்றால் ஏன் ஒரு பாணுக்கு மட்டும் என்று அவன் கேட்டான். அவள் அந்தக் கீறலை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு, மழை பெய்யாத நாட்களிலும் லியோன் அங்கே ஒதுங்கினான்! பணிஸ் தின்றான், பிளேன்ரீ குடித்தான், கதைத்தான். அப்பப்பா நீக்கிலாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருந்ததாம். பேக்கரியில் வேலை செய்த சைவப் பெடியனோடு அவள் போனபின், வீட்டில் ஒருவரும் அவள் பெயரை எடுப்பதில்லையாம். நிவேதனா "அண்ணை" என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் முகம் சுருங்கும். தெரிந்துதான் கூப்பிட்டாள், கள்ளி.

விஷயம் அப்பா சோமசேகரத்தின் காதுக்குப் போனது. நெற்றி நிறைய விபூதியோடு வந்து, சிலுவை கும்பிடுகிற வேதக்காரப் பெடியனோடு உனக்கென்ன கதை என்று பொரிந்து தள்ளினார். இனிக் கடைப்பக்கம் வரவேண்டாம் என்று லியோனிடமும் சொல்லிவிட்டார். அவனும் ரோசக்காரன். பிளேன்ரீக் காசை வைத்துவிட்டுப் போய்விட்டான். நிவேதனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இல்லாமல் என்ன வாழ்க்கை...

மறுநாள் விடிய, அப்பா முதல் பாணில் கத்தியை வைக்கும்போது முன்னால் போய் நின்றாள்.

"வேதக்காரர் வேண்டாமெண்டால், நீங்கள் ஏனப்பா சிலுவை கீறுறியள்?"

கத்தி நின்றது. அப்பா அதை மெல்ல மேசையில் வைத்தார்.

"என்ரை அம்மாவின்ரை பழைய பேர் தெரேசம்மா. கொழும்புத்துறை நீக்கிலாப்பிள்ளையின்ரை தங்கச்சி. சாகுமட்டும் அவ இதை விடேல்லை. நானும் விடேல்லை."

வெளியே தெரிந்தால் மகளுக்கு நல்ல சம்பந்தம் வராதென்று பயந்துதான் மறைத்தாராம். பாவம் மனுசன். லியோன் அந்த நீக்கிலாப்பிள்ளையின் மகனுடைய மகன் என்று நிவேதனா சொன்னாள். அப்பா திகைத்துப்போய் மா மேசையைப் பிடித்துக்கொண்டார். தாயின் ஆட்களில் ஒருவன் தேடாமலே வாசலுக்கு வந்தான், அவனையா துரத்தினேன் என்று புலம்பினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்ரை தேப்பன் எனக்கு மச்சானல்லோ... பெடியனை வரச்சொல்லு. இனி அவனை அண்ணையெண்டு கூப்பிடாதை."

பின்னேரம் தூறலோடு லியோன் வந்தான். ரோசம் போகவில்லை, வாசலிலேயே நின்றான். நிவேதனா சிலுவை கீறிய பாணை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப்போய் நீட்டினாள்.

"இது விக்கிறேல்லை எண்டனீங்கள்?"

"இப்பவும் விக்கேல்லை. வீட்டாக்களுக்குத்தான்..." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு உங்களைத்தான் விருப்பம்... மச்சான்."